திமிலுள்ள பசுவும் திமிலில்லாப் பசுவும்

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் இன்னும் மாடு வளர்க்கும் தமிழர்களின் கொட்டகைகளில் இரண்டு விதமான பசுக்களைப் பார்க்கலாம். ஒன்று திமில் எழும்பி, அலைதாடி தொங்க, வெள்ளையோ சாம்பலோ செவலையோ ஆன நிறத்தில் நிற்கும். தோட்டத்து மாடு என்பார்கள். கால்நடைத் துறையின் ஏடுகளில் அதற்கு 'லோக்கல் இண்டியன் டெய்ரி' என்று பெயர்; சுருக்கமாக எல்.ஐ.டி. இன்னொன்று முதுகு நேராகவும் மடி பெருத்தும் கறுப்பு வெள்ளையாக நிற்கும் ஃபிரீசியன், அல்லது அதன் கலப்பு. முன்னது நாளைக்குச் சில லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும். பின்னது அதைவிடப் பல மடங்கு கறக்கும்; ஆனால் உச்சி வெயிலில் இரைக்கும், உண்ணி ஏறும், மடி வீங்கும்.

எதற்கு நோய் எதிர்ப்பு அதிகம் என்று கேட்டால் மாடு வைத்திருப்பவர் யோசிக்கவே மாட்டார், திமிலுள்ளதற்குத்தான் என்பார். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைக் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மாட்டின் எதிர்ப்பு மரபணுக்களைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன. இந்த இரண்டு பசுக்களையும் அந்த மரபணுக்களின் வழியே ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வட்டாரத்துக்கு அவசியமான வேலை என்று நினைக்கிறேன். ஏனென்றால் இவற்றில் ஒன்று நம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது.

தோட்டத்து மாடு யாரும் திட்டமிட்டு வளர்த்தெடுத்த இனமல்ல. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் கப்பலில் மாடுகளும் வந்தன. கோலாலம்பூரின் பழைய சாலைகளில் வண்டியிழுத்தவை அவைதாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்குத் தமிழரும் பஞ்சாபியரும் வீடு வீடாக ஊற்றிய பாலும் இத்தகைய மாடுகளிடமிருந்து வந்தது. தென்னாட்டு உழவு மாடு, வடநாட்டுப் பால்மாடு என்று கிடைத்ததெல்லாம் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைகளில் சேர்ந்து, நான்கைந்து தலைமுறை மனிதர்களின் காலத்தில் கலந்து ஒன்றாயின. தோட்டத்தின் புல்லும் மழையும் உண்ணியும் தாங்கியது பிழைத்தது, தாங்காதது போயிற்று. காளையைத் தேர்ந்தெடுக்க ஏடு எதுவும் இல்லை.

பிறகு தோட்டங்கள் போயின. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலம் எழுந்தது. சீஃபீல்ட் தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா வந்தது. பிராங் பெசார் புத்ராஜெயா ஆயிற்று. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பம் மாட்டைக் கூட்டிப்போக முடியாது. விற்றவர்கள் விற்றார்கள். விற்க மனமில்லாதவர்கள் மின்கம்பித் தடத்தடியிலும் ஆற்றோரத்திலும் கொட்டகை போட்டார்கள்.

ஃபிரீசியன் வந்த வழி நேர்மாறானது. அது ஏடும் கணக்குமாக வந்தது. 1970-களில் அரசு பால் சேகரிப்பு நிலையங்களைத் தொடங்கியபோது, தோட்டத்து மாட்டுக்கு ஃபிரீசியன் சினை ஊசி போட்டுப் பாலைப் பெருக்குவது கொள்கையாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாஹிவால்–ஃபிரீசியன் கலப்பு மாடுகளும் இறக்குமதியாயின. அவற்றிலிருந்து நாட்டுக்கென உருவாக்கிய கலப்பினம்தான் மாஃப்ரிவால். சாஹிவால் பஞ்சாப் பகுதியின் திமில் மாடு. ஆக நம் நாட்டுப் பால்பண்ணையின் அடிப்படையே இந்த இரண்டு குலங்களின் கூட்டு.

குலம் என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. திமிலில்லா மாடு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதனிடம் பழகியது. திமில் மாடு அதற்குப் பின் சிந்துவெளிப் பக்கம் தனியாகப் பழக்கப்பட்டது. இவற்றின் காட்டு முன்னோர்கள் அதற்கும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஒன்று குளிர்நாட்டுக் கிருமிகளோடும் மற்றது வெப்பநாட்டு உண்ணிகளோடும் அவை பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகளோடும் அத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. அந்தப் போரின் தடயத்தை மரபணுக்களில் தேடினால், முதலில் போய் நிற்க வேண்டிய இடம் மாட்டின் 23-ஆம் குரோமோசோம்.

கிருமி உள்ளே நுழைந்ததும் உடலின் சில அணுக்கள் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி அணுக்கள் வந்து பார்த்து, இது அந்நியம் என்று கண்டுகொண்டால் போர் தொடங்கும். அப்படி ஏந்திக் காட்டும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களின் கூட்டத்துக்கு மனிதரில் எச்.எல்.ஏ. என்று பெயர், அது நம் 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு ஒத்த ஆள் தேடுவது இதை வைத்துத்தான். மாட்டில் அதற்குப் போலா என்று பெயர். டி அணு இந்தப் புரதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் கிருமியை அடையாளம் காணும் என்பதை 1974-ல் கான்பராவில் கண்டுபிடித்தவர்கள் ரோல்ஃப் சிங்கர்நேகலும் பீட்டர் டோஹர்டியும். டோஹர்டி குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்தவர். 1996-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ நோபல் வரலாற்றில் ஒரு கால்நடை மருத்துவரின் பெயர் இடம்பெற்றது எனக்குப் பெரிய செய்தி. நம் பிள்ளைகள் பலர் இந்தப் படிப்பை இரண்டாந்தரமாக எண்ணுகிறார்கள்.

மாட்டின் போலாவை 1978-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டன. மனிதருடையதோடு அது பெரும்பாலும் ஒத்திருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. மிகப் பழைய காலத்தில் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதால், மனிதரில் சேர்ந்திருக்கும், இரண்டாம் வகுப்பு எனப்படும் மரபணுக்கள் மாட்டில் இரண்டு கூறாகப் பிரிந்து தள்ளித்தள்ளி இருக்கின்றன. அந்தக் கூறுகளில் ஒன்றில் இருப்பது டி.ஆர்.பி.3. மாட்டு எதிர்ப்பு மரபணுக்களிலேயே அதிகம் ஆராயப்பட்டது இதுதான். இதன் இரண்டாம் எக்சான் பகுதிதான் கிருமித் துண்டைப் பிடிக்கும் பள்ளத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளத்தின் வடிவம் மாறினால் ஏந்தக்கூடிய துண்டும் மாறும்.

வகை பிரிப்பது எப்படி? மாட்டின் கழுத்துச் சிரையில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் அந்த 284 எழுத்து நீளத் துண்டை மட்டும் பெருக்குவார்கள். 1992-ல் அமெரிக்காவின் இல்லினாய் ஆய்வாளர்கள் அந்தத் துண்டை மூன்று நொதிகளால் வெட்டி, ஜெல் பலகையில் விழும் கோடுகளைக் கொண்டு முப்பது வகைகளைப் பிரித்தார்கள். பிறகு எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை வந்ததும் முப்பது பெருகியது. இன்று உலகப் பட்டியலில் டி.ஆர்.பி.3 மட்டும் முந்நூறு வகைகளுக்கு மேல் பதிவாகியிருக்கிறது. ஒரு பசு அதில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும்: தாயிடமிருந்து ஒன்று, காளையிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஒன்று மற்றதை மறைக்காது. இந்தப் பகுதியின் மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு கட்டாகவே கன்றுக்குப் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கலப்பினம் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இப்போது இரண்டு பசுக்களையும் பக்கத்தில் நிறுத்தலாம்.

ஃபிரீசியனின் பெரிய கிளையான ஹோல்ஸ்டீனில் எந்த நாட்டு மந்தையை ஆராய்ந்தாலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை டி.ஆர்.பி.3-யின் ஆறேழு வகைகள்தாம்; பெரும்பங்கை அவையே பிடித்துக்கொள்கின்றன. காரணம் சினை ஊசி. நல்ல காளை ஒன்றின் விந்தை உறைய வைத்து உலகம் முழுக்க அனுப்ப முடிந்ததால், சில காளைகள் கோடிக்கணக்கான மாடுகளுக்குப் பாட்டனாகிவிட்டன. அமெரிக்காவில் சினை ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் தந்தைவழியைப் பின்னோக்கிப் போனால் ஏறத்தாழ எல்லாமே 1960-களில் பிறந்த இரண்டு காளைகளில் போய் முட்டுகின்றன. ஒன்று 1962-ல் பிறந்த சீஃப், மற்றது 1965-ல் பிறந்த எலிவேஷன். சீஃபின் வழியில் பால் பெருகியது உண்மை. அதே சீஃப் சுமந்த ஒரு மரபணுக் கோளாறு, இரட்டையாகச் சேர்ந்த கருக்களைக் கருவிலேயே அழித்தது. உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு அது காரணம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

எதிர்ப்பு மரபணுவிலேயே நேரடியாக அடி விழுந்த கதை இன்னொரு காளையுடையது. 1952-ல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ புகழ்பெற்ற காளை. அதன் பேரன் பெல்லின் விந்தும் உலகமெங்கும் போனது. அந்த வழியில் சில கன்றுகள் பிறந்து சில மாதங்களிலேயே ஈறு புண்ணாகி, நுரையீரல் சீழ்பிடித்து, வளர்ச்சி குன்றி இறந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையவில்லை, மிதமிஞ்சி இருந்தன. ஆனால் அவை இரத்தக் குழாயை விட்டு வெளியேறிப் புண்ணுக்குப் போக இயலவில்லை. குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ள வெள்ளணுவுக்கு வேண்டிய சி.டி.18 புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பரிசோதித்த முன்னணிக் காளைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு அந்தக் கோளாறைச் சுமந்திருந்தன. பிறகு ஒரு எளிய டி.என்.ஏ. சோதனையால் சில ஆண்டுகளிலேயே அதைப் பெருமளவு நீக்கினார்கள். நோய் எதிர்ப்பு மரபணு ஆராய்ச்சியின் மிகத் தெளிவான வெற்றி இது. ஒரே புள்ளி, ஒரே விளைவு, ஒரே சோதனை.

போலா அப்படிப்பட்டதல்ல என்பதை இங்கேயே சொல்லியாக வேண்டும். அதில் 'கெட்ட வகை', 'நல்ல வகை' என்று ஒரேயடியாகப் பிரிக்க முடியாது. மாட்டு வெள்ளணுப் புற்றுநோய் வைரஸை எடுத்துக்கொள்வோம். இது மனிதரின் எச்.டி.எல்.வி. வைரஸின் உறவு. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடுவதாலும் இரத்தம் குடிக்கும் ஈக்களாலும் பரவும். ஹோல்ஸ்டீனில் டி.ஆர்.பி.3-யின் 009:02 வகையைச் சுமக்கும் பசுக்களில் தொற்று ஏற்பட்டாலும் வைரஸ் மிகக் குறைவாகவே தங்குகிறது என்று அர்ஜென்டினாவிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. அதே ஹோல்ஸ்டீனில் 015:01, 012:01 வகைகளைச் சுமப்பவற்றில் வைரஸ் பெருகுகிறது. அப்படியானால் 009:02 உள்ள காளைகளையே எங்கும் பரப்பலாமே என்று தோன்றும். இந்த ஒரு நோய்க்கு நல்லதாக இருப்பது மடிநோய்க்கோ கோமாரிக்கோ நல்லதாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பள்ளத்தில் எல்லாத் துண்டும் உட்காராது.

மடிநோய் பற்றிய ஆய்வுகளைப் படித்தால் இது இன்னும் உறைக்கும். ஒரு நாட்டு மந்தையில் காப்பதாகச் சொன்ன வகை, வேறொரு நாட்டு மந்தையில் பாதிப்போடு சேர்ந்து வரும். கிருமி வேறு, கொட்டகை வேறு, கறவை முறை வேறு. இந்தக் குழப்பத்துக்கிடையே 2008-ல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. டி.ஆர்.பி.3-க்குப் பக்கத்திலிருக்கும் டி.க்யூ.ஏ.1 மரபணுவில் இரண்டு வேறு வேறு வகைகளை வைத்திருந்த பசுக்கள், ஒரே வகையை இரட்டையாக வைத்திருந்தவற்றைவிட ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை மடிநோய்களிலிருந்து கூடுதலாகத் தப்பின. எந்த வகை என்பதைவிட இரண்டு வேறு வகை இருந்ததே உதவியது.

தோட்டத்து மாட்டின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அது ஏடில்லாத கலவை. அதன் முன்னோர் ஒரே காளைக்குப் பிறந்தவையல்ல. பல துறைமுகங்களிலிருந்து, பல மாவட்டங்களிலிருந்து வந்தவை. சினை ஊசி வரும்வரை ஒவ்வொரு தோட்டமும் தன் தன் காளையையே வைத்துக்கொண்டது. போலாவின் பல்வகைமை அடைந்து கிடக்க இதைவிடத் தோதான வரலாறு வேண்டியதில்லை.

ஆனால் 'நாட்டு மாட்டுக்கு நோய் வராது' என்ற நம்பிக்கையை இந்த வாதத்தோடு சேர்த்து விற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் வளர்க்கப்படும் பிராமன் மாடும் திமில் மாடுதான், இந்திய வம்சம்தான். அங்கே உண்ணியோடு சேர்ந்து வரும் தோல் நோய் ஒன்று அந்த மந்தைகளைச் சீரழித்தது. ஆராய்ந்தபோது போலாவின் ஒரு குறிப்பிட்ட கட்டைச் சுமந்தவை மிக எளிதில் நோய்க்கு ஆட்பட்டது தெரிந்தது. அந்தக் கட்டைச் சுமந்த மாடுகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் மந்தையில் நோயின் பரவல் 76 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. 2003-ல் வெளியான இந்த முடிவு மாட்டுப் போலா ஆராய்ச்சியின் பெரிய நடைமுறை வெற்றி. திமிலிருந்தும் அந்த மாடுகள் அந்த நோய்க்குத் தோற்றன என்பது நமக்கான பாடம்.

அதைவிட அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். உடலெங்கும் கழலை கழலையாக எழும்பும் தோல் கழலை நோய் 2021-ல் மலேசியாவுக்குள் நுழைந்தது. தோல் மெல்லிய ஐரோப்பிய இனங்கள்தாம் இதற்கு அதிகம் ஆட்படும் என்று நூல்கள் சொல்லும். அடுத்த ஆண்டு, 2022-ல், அதே நோய் இந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பாய்ந்து நாடெங்கும் பரவியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. அங்கே செத்தவற்றில் திமில் மாடுகள் ஏராளம். ஒரு குலம் சந்தித்திராத புதுக் கிருமி வரும்போது பழைய போரின் அனுபவம் பெரிதாக உதவுவதில்லை. தடுப்பூசிதான் உதவும்.

தடுப்பூசியிலும் போலாவுக்குக் கை உண்டு. ஒரே கோமாரி ஊசியை ஒரே நாளில் ஒரே கொட்டகையில் போட்டாலும் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு எதிர்ப்பு வருவதில்லை. டி.ஆர்.பி.3 வகை அதில் ஒரு பங்கு வகிக்கிறது என்று கோமாரிப் பெப்டைடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபிரீசியன் மந்தைகளில் சோதித்துத் தேறிய ஊசி, தோட்டத்து மாட்டிலும் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணிக்கொள்வது சரியல்ல. ஊசி போட்டும் கோமாரி கண்டால் ஊசியையோ போட்டவரையோ குறை சொல்கிறோம். மாட்டின் மரபணு வகையைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

திமில் மாட்டின் உண்மையான மேன்மை எங்கே என்றால், அதில் பெரும்பகுதி போலாவுக்கு வெளியே இருக்கிறது. எடின்பரோவின் ரோஸ்லின் நிலைய ஆய்வாளர்கள் சாஹிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே அளவு தைலீரியா அன்னுலாட்டா ஒட்டுண்ணியை ஏற்றினார்கள். உண்ணி பரப்பும் கொடிய இரத்த நோய் அது. 2005-ல் வெளியான அந்த ஆய்வில் சாஹிவால் கன்றுகள் மருந்தில்லாமலே மீண்டன. ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடுமையாக வீழ்ந்தன. ஒட்டுண்ணி புகுந்த தொடக்க நாட்களில் உடல் எவ்வளவு அழற்சியோடு எதிர்வினையாற்றுகிறது என்பதில் வேறுபாடு தெரிந்தது. ஹோல்ஸ்டீனை வீழ்த்தியதில் கிருமியோடு அதன் உடலின் மிதமிஞ்சிய பதறலுக்கும் பங்கிருந்தது. சாஹிவால் உடல் அளவறிந்து போரிட்டது. இந்தச் சாஹிவாலின் இரத்தம்தான் நம் மாஃப்ரிவாலில் ஓடுகிறது. மாஃப்ரிவாலைப் பால் கணக்கால் மட்டும் அளப்பவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

உண்ணி விஷயமும் இப்படித்தான். ஒரே மேய்ச்சலில் விட்டாலும் திமில் மாட்டின் மேல் ஏறி முழுதாகக் குடித்துக் கொழுக்கும் உண்ணிகள் மிகக் குறைவு. வழவழப்பான குட்டை மயிர், நக்கித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம், கடிவாயில் தோல் காட்டும் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்த பலன் இது. ஒரு மரபணுவின் கைவேலை அல்ல. குயின்ஸ்லாந்து அரசு 1960-களிலிருந்து ஃபிரீசியனோடு சாஹிவாலைச் சேர்த்து உண்ணி தாங்கும் பால்மாட்டை உருவாக்கியபோது, உண்ணியை எண்ணிப் பார்த்தே காளைகளைத் தேர்ந்தார்கள். மாட்டின் ஒரு பக்கத்தில் உண்ணியை எண்ணுவதற்கு ஆய்வகம் வேண்டாம், பொறுமை போதும். கிள்ளானில் ஐந்து மாடு வைத்திருப்பவரும் செய்யக்கூடிய தேர்வு அது. ஃபிரீசியனின் எதிர்ப்பைக் குலைப்பதில் வெப்பத்துக்கும் பங்குண்டு. இரவிலும் தணியாத நம் புழுக்கத்தில் அதன் வெள்ளணுக்கள் சோர்கின்றன, தீவனம் இறங்குவதில்லை. அதே பசு குளிர்நாட்டில் இருந்தால் இத்தனை நோஞ்சானாகத் தெரியாது. ஆகவே ஃபிரீசியனை மரபால் பலவீனமானது என்று ஒரேயடியாகத் தீர்ப்பளிப்பதும் நியாயமல்ல. இடம் மாற்றி வைக்கப்பட்ட பசு அது.

முதல் கலப்புக் கன்றை நம் மாட்டுக்காரர்கள் அனுபவத்தில் பெரிதும் விரும்புவார்கள். பாலும் உண்டு, உடலும் தாங்கும் என்பார்கள். போலாவின் கண்கொண்டு பார்த்தால் அந்த விருப்பம் பொருளுள்ளது. முதல் கலப்பில் ஒவ்வொரு கன்றுக்கும் திமில் குலத்திலிருந்து ஒரு கட்டு, திமிலில்லாக் குலத்திலிருந்து ஒரு கட்டு. லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்த இரண்டு அனுபவங்கள் ஒரே உடலில் சேர்கின்றன. ஒரே வகை இரட்டையாக வர வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் அந்தக் கிடேரிக்கும் திரும்ப ஃபிரீசியன் ஊசியையே போட்டால் என்ன ஆகும்? கட்டாகக் கைமாறும் மரபணு என்பதால் கணக்கு எளிது. இரண்டாம் ஊசியில் பிறப்பவற்றில் பாதிதான் திமில் குலத்துக் கட்டைச் சுமக்கும். மூன்றாம் ஊசியில் கால்வாசி. நான்காம் ஊசியில் எட்டில் ஒன்று. ஒரு தலைமுறைக்கு மூன்று ஆண்டு என்று வைத்தால், ஒரு குடும்பத்தின் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இது முடிந்துவிடும். யாரும் மாட்டைக் கொல்லவில்லை, விற்கவுமில்லை. மந்தை முன்னைவிடப் பெருத்திருக்கும். ஆனால் கப்பலில் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த மண்ணின் கிருமிகளைத் தாங்கித் தேறிய கட்டுகள் சத்தமில்லாமல் போயிருக்கும். தோட்டத்து மாடு குறைந்துவருவது நகரம் வளர்ந்ததால் மட்டுமன்று. நாமே விரும்பிப் போடும் ஊசியாலும்தான். பால் வேண்டும் என்பவரை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. கலப்புக் கிடேரிக்குக் கலப்புக் காளையையோ சாஹிவால் ஊசியையோ மாற்றிப் போடும் வழி அவருக்குச் சொல்லப்படாததுதான் எனக்கு வருத்தம்.

மார்ட்டினிக் வழியை இங்கே அப்படியே பின்பற்றலாம் என்று சிலர் சொல்லக்கூடும்: நோய்க்கு ஆட்படும் கட்டைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவது. ஆயிரக்கணக்கில் மாடுள்ள இனத்துக்கு அது சரி. எண்ணிக்கை தேய்ந்த தோட்டத்து மாட்டில் ஒரு கட்டை ஒதுக்கினால் அதோடு ஒரு பசுக்குடும்பமே போகும். நாளைக்கு வரப்போகும் கிருமிக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது. எதையும் ஒதுக்குவதற்கு முன் இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்ய நமக்கு வசதி இல்லை என்று சொல்ல முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே செர்டாங்கில் கால்நடை மருத்துவப் புலத்தோடு புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே செர்டாங்கில் 1969 முதல் மார்டி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கெடா-கிளந்தான் மாட்டோடு பிராமனைச் சேர்த்து பிரக்மாஸ் என்ற இறைச்சி இனத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். கெடா-கிளந்தான் மாட்டுக்குக் கிடைத்த அந்த அக்கறையில் ஒரு பங்கு, தமிழர் கையோடு வந்த மாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதைக் கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

டி.ஆர்.பி.3 வகை பார்க்க மாட்டைக் குத்தி இரத்தம் எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வாலிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்கள் போதும். வேரில் உள்ள டி.என்.ஏ. பி.சி.ஆருக்குத் தாராளம். காகித உறையில் போட்டு, ஈரம் படாமல் வைத்தால் நாள்பட நிற்கும். மாட்டுப் பொங்கலன்று மாடுகளெல்லாம் குளித்து மாலையோடு ஓரிடத்தில் நிற்கும்போது இதைச் செய்துவிடலாம். உறையின் மேல் சில விவரங்களை எழுத வேண்டும்: மாட்டின் தாய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, தந்தை காளையா ஊசியா, ஊசியென்றால் எந்த இனம், இதுவரை மடிநோய் எத்தனை முறை கண்டது, கோமாரி வந்ததா, உண்ணி ஏறுமா. முதல் கேள்விக்கு விடை தெரிந்த பெரியவர்கள் கிள்ளானில் இன்னும் இருக்கிறார்கள். உறையை எடுத்துக்கொண்டு முதலில் அவர்களிடம் போக வேண்டும்.